எச்சம்: சேலம், நாமக்கல் சமவெளியின் திப்பியும் சக்கையும்

‘எச்சம்’ என்ற சொல்லைத் தமிழ் எத்தனை வகையில் புழங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது. பறவை இட்டுச் செல்வது எச்சம். இலக்கண நூலாருக்கோ, பொருள் முடியாமல் நின்று ஒரு வினையையோ பெயரையோ எதிர்நோக்கும் சொல் எச்சம். ஒருவர் தக்கவரா இல்லையா என்பது அவரது எச்சத்தால் அறியப்படும் என்று வள்ளுவர் சொன்ன இடத்தில், பரிமேலழகர் அதற்கு நன்மக்கள் என்று உரை கண்டார். வேறோர் இடத்தில் அதே சொல் புகழைக் குறிக்கிறது. எஞ்சுவது எல்லாமே எச்சம்தான். எஞ்சியது இழிவா செல்வமா என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, காலம் தீர்மானிக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோருக்கு இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான வாசல் கிடைக்காது என்றே நாம் கருதுகிறோம். விளைச்சலின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுவிட்டது. விளைச்சலில் எஞ்சியதன் வரலாறு மட்டும் ஆலை வாசலிலும் சாக்கடை ஓரத்திலும் கிடக்கிறது.

சேலத்திலிருந்து ஆத்தூருக்குப் பேருந்தில் சென்றவர்கள் அந்த வாடையை மறந்திருக்க முடியாது. அயோத்தியாபட்டணம் தாண்டி வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று ஊர்கள் நகரும்போது, அறுவடைக் காலமாக இருந்தால், சன்னல் வழியே புளித்த மாவின் நெடி உள்ளே வரும். சாலையோரத்துச் சிமெண்டுக் களங்களில் வெண்மணி ஜவ்வரிசி காயும். அதற்குச் சற்றுத் தள்ளி, யாரும் நின்று பார்க்காத இன்னொரு களத்தில், பழுப்பு நிறத்தில் நார்நாராக ஒன்று காயும். அதுதான் திப்பி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலைச் சலித்து எடுத்த பின் சல்லடையில் தங்குவது.

இந்தக் கிழங்கு நம் மண்ணுக்குரியதன்று. தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப முனைந்தார் என்பது வரலாறு. எளியோரின் பசிக்கு உணவாக அங்கே அது வேரூன்றியது. சேலத்துக்காரர்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்றே அழைக்கிறார்கள். விதையில்லாமல் தண்டுக் குச்சியை நறுக்கி நடுவதால் வந்த பெயர். பெயரிலேயே ஓர் எச்சம் இருக்கிறது பாருங்கள். அறுவடையில் மிஞ்சும் குச்சிதான் அடுத்த பயிரின் விதை.

உணவுக் கிழங்கு தொழிற்கிழங்கானது இரண்டாம் உலகப்போரால். அதுவரை ஜவ்வரிசி மலேயா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. துணி ஆலைகளின் கஞ்சிக்கும் சமையலுக்கும் வேண்டிய சோளமாவு அமெரிக்காவிலிருந்து வந்தது. கப்பல்கள் நின்றன. மீன் வணிகத்துக்காகக் கேரளத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த சேலம் மாணிக்கம் செட்டியார், சோளமாவுக்கு மரவள்ளி மாவு மாற்றாகும் என்பதைக் கண்டுகொண்டார். பினாங்கிலிருந்து சேலத்துக்குக் குடிபெயர்ந்திருந்த போபட்லால் ஜி. ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் நுட்பம் தெரிந்திருந்தது. 1943இல் இருவரும் மிக எளிய கருவிகளைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கினர். பின்னர் வெங்கடாசலக் கவுண்டர் என்ற கைதேர்ந்த மெக்கானிக் இயந்திரங்களைத் திருத்தி அமைத்தார். மீன் வணிகர், குடிபெயர்ந்த குஜராத்தி, உள்ளூர் மெக்கானிக். சேலத்துத் தொழிலின் முதல் அத்தியாயத்தில் பட்டம் பெற்ற வேதியியலாளர் எவரும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது.

அந்த ஆண்டு எது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 1943 வங்கப் பஞ்சத்தின் ஆண்டு. பர்மா அரிசி நின்றுபோயிருந்தது. பஞ்சம் சேலத்தையும் நெருங்கியபோது, மரவள்ளிப் பொருள்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஆட்சியர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு அந்தத் தடையை நீக்கச் செய்தார்கள். சேலத்து ஜவ்வரிசி உற்பத்தியாளர் சங்கம் பிறந்த கதை இது. பசித்தவனின் கிழங்கை ஆலைக்கு அனுப்பலாமா என்ற கேள்வி, எத்தனால் என்ற சொல்லை இங்கே யாரும் கேட்டிராத நாளிலேயே எழுந்துவிட்டது.

அதன் பின் நடந்தவை வேகமானவை. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-226, எச்-165 ஆகிய வீரிய வகைகள் சேலத்து வயல்களை நிறைத்தன. கேரளம் தின்பதற்காக ஆராய்ந்ததைச் சேலம் அரைப்பதற்காக எடுத்துக்கொண்டது. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, ஏலமும் கிடங்கும் ஒழுங்குபட்டன. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவையெல்லாம் மாவின் வரலாறு. நாம் திப்பிக்குத் திரும்புவோம்.

பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ கால் பங்குதான் மாவு. பெரும்பகுதி தண்ணீர். தோல், நார், மண் ஆகியவை மீதி. சல்லடை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் மாவு முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. உலர்ந்த திப்பியின் எடையில் பாதியளவு மாவாகவே இருப்பதுண்டு. அதாவது ‘கழிவு’ என்று ஒதுக்கப்பட்ட அப்பொருள் பாதி உணவு. விவசாயிகள் இதை அறிவியலார் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. திப்பி தொடக்கம் முதலே மாட்டுத் தீவனமாக விலைபோனது. திப்பி எந்நாளும் குப்பையாக இருந்ததில்லை.

குப்பையானது தண்ணீர்தான். கிழங்கு கழுவிய நீர், மாவு படியவிட்டுத் தொட்டியின் மேலே வடித்த நீர். அதில் கரைந்த மாவும் சர்க்கரையும் இருந்தன. கிழங்கில் இயல்பாக உள்ள லினமாரின் சிதைந்து உண்டாகும் சயனைடும் இருந்தது. ஓரிரு நாளில் புளித்து அமிலமாகும். ஆலைகள் பல நூறாகப் பெருகியபோது இந்த நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் கலந்தது, நிலத்தில் இறங்கிக் கிணறுகளில் ஊறியது. ஏற்காட்டு மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடி நாமக்கல் வழியாகக் காவிரி சேரும் திருமணிமுத்தாறு சுமந்த அழுக்குகளில் சாயப்பட்டறை நீர், நகரச் சாக்கடை ஆகியவற்றுடன் இதற்கும் பங்குண்டு. கிழங்கு விற்றுக் கடன் அடைத்த அதே உழவர், கிணற்று நீர் கெட்டுப்போனதற்காக ஆட்சியரிடம் மனு எழுதினார். ஆலைக்காரரும் பெரும்பாலும் அவரது உறவினராகவோ பக்கத்துக் காட்டுக்காரராகவோ இருந்தார். இந்தச் சமவெளியின் சுற்றுச்சூழல் வழக்குகளில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடையே ஒரு வரப்புத்தான் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

புளிக்கும் நீர் எரியும் என்பது உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 1897இலேயே பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கெரித்தார்கள். காதி வாரியத்தின் சாணவாயுக் கலன்கள் நாம் சிறு வயதில் கண்டவையே. ஆனால் சாணம் கெட்டியானது, மெதுவாகப் புளிப்பது. சேகோ நீரோ நாளொன்றுக்குப் பல ஆயிரம் லிட்டராகப் பாய்ந்து வருவது. அதை மாதக்கணக்கில் தேக்கிவைக்க இடம் ஏது? நீர் வேகமாக வெளியேற வேண்டும், நுண்ணுயிர்கள் மட்டும் உள்ளேயே தங்க வேண்டும். அடியிலிருந்து நீரைச் செலுத்தி, நுண்ணுயிர்க் குழம்பு ஒரு போர்வைபோல் மிதக்க, அதனூடே நீர் மேலேறும்படி அமைக்கும் கலன்கள் இதற்கு விடையாக வந்தன. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு மைய அரசின் மரபுசாரா எரிசக்தித் துறை நடத்திய உயிரிவாயுத் திட்டத்தில் சேலத்துச் சேகோ ஆலையும் ஒரு மாதிரிக் களமாயிற்று. அதைப் பார்த்து மற்ற ஆலைகளும் மானியத்துடன் கலன் கட்டத் தொடங்கின.

இதில் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. ஜவ்வரிசியை வறுக்கவும் வேகவைக்கவும் ஆலைகள் விறகு எரித்துவந்தன. அந்த விறகு மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்தது. இப்போது கிழங்கு கழுவிய நீரே அடுப்பெரிக்கிறது, மின்னாக்கியையும் ஓட்டுகிறது. 1 கனமீட்டர் உயிரிவாயு ஏறத்தாழ அரை லிட்டர் டீசலுக்கு ஈடு. மாசு வாரியத்தின் அறிவிப்பாணை செய்ய முடியாததை டீசல் விலை செய்தது என்றே நாம் நினைக்கிறோம். சட்டத்துக்கு அஞ்சிக் கட்டிய கலன் பூட்டிக் கிடக்கும், செலவைக் குறைக்கக் கட்டிய கலன் ஓடும்.

காவிரிக் கரைக்குப் போவோம். அங்கே பயிர் கரும்பு. பரமத்திவேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் பிழிந்த சக்கையையே வெயிலில் உலர்த்தி, கொப்பரைக்கு அடியில் எரிப்பார்கள். கரும்பு தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. பயிர்க்கழிவை எரிபொருளாக்குவது பற்றிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் கொண்டுவருபவர்களுக்கு அது பாட்டன் காலத்துச் செய்தி.

ஆற்றுக்கு அக்கரையில், கரூர் மாவட்டத்துப் புகளூரில், இதே சக்கை வேறு பிறவி எடுத்தது. 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களின் நடுவில் சக்கையிலிருந்து தாள் செய்யத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்தே நீராவி எடுத்துவந்ததால், அவற்றுக்கு மாற்று எரிபொருளைக் கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று ஏற்பாடு. சக்கையைக் கழுவிய நீரிலிருந்து அந்த ஆலையும் பின்னர் உயிரிவாயு எடுத்தது. தமிழ்ச் சிற்றிதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் நண்பர்கள் தம் அலமாரியைத் திறந்து பார்க்கலாம். நவீனத் தமிழ் இலக்கியத்தில் ஒரு பகுதியாவது கரும்புச் சக்கையில் அச்சானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

கரும்பின் மற்றோர் எச்சம் மொலாசஸ் எனும் கழிவுப்பாகு. சர்க்கரை படிகமான பின்னும் படிகமாக மறுக்கும் கரிய பாகு. பிழிந்த கரும்பின் எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு. 1 டன் பாகைப் புளிக்கவைத்து வடித்தால் 220 முதல் 250 லிட்டர் வரை சாராயம் கிடைக்கும். மோகனூரில் உள்ள சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வடிசாலையையும் உடன் கொண்டது.

இங்கே வரலாறு தன் குறும்பைக் காட்டுகிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்த இடம் சேலம் மாவட்டம். நாள் 1937 அக்டோபர் 1. முதலமைச்சராக இருந்த ராஜாஜி தம் சொந்த மாவட்டத்திலிருந்து தொடங்கினார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் இன்றைய நாமக்கல்லும் அடங்கும். மரத்துக் கள்ளை ஒழிக்க முதலில் துணிந்த அதே மண்ணில்தான், ஒரு தலைமுறைக்குள், கூட்டுறவு முறையில் சாராயம் வடிக்கும் ஆலை எழுந்தது. அது குடிப்பதற்கன்று, தொழிலுக்கு என்று சொல்லலாம். ஆனால் அண்டாவில் புளிக்கும் ஈஸ்ட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சட்டத்துக்கும் எளிதில் தெரியவில்லை. தொழிற்சாராயம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் 1989இல் தீர்ப்பளித்தனர். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 அக்டோபரில், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதைத் திருப்பிப் போட்டது. ‘போதை தரும் மது’ என்ற தொடருக்குள் தொழிற்சாராயமும் அடங்கும் என்பது புதிய பொருள்கோள். உரையாசிரியர் மரபு நீதிமன்றங்களில்தான் உயிரோடிருக்கிறது போலும்.

தொழிற்சாராயம் எங்கே போனது என்று கேட்டால், அதன் ஒரு கிளை மேட்டூருக்குப் போகிறது. 1934இல் அணை முடிந்து மின்சாரம் கிடைத்ததும் மேட்டூர் வேதித்தொழில் நகரமாயிற்று. உப்புக்கரைசலை மின்னால் பகுத்துக் காஸ்டிக் சோடா எடுத்தால் குளோரினும் கூடவே வரும். 1967இல் அங்கே பி.வி.சி. உற்பத்தியைத் தொடங்கிய கெம்பிளாஸ்ட், சாராயத்திலிருந்து எத்திலீன் எடுக்கும் வழியைக் கைக்கொண்டிருந்தது. சாராய ஆவியைச் சூடான அலுமினா மீது செலுத்தினால் அது நீரை இழந்து எத்திலீனாகும். எத்திலீன் குளோரினோடு சேர்ந்து, சில படிகள் கடந்து, பி.வி.சி. ஆகும். கரும்புப்பாகும் உப்பும் சேர்ந்து வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாயாக மாறின. ‘உயிரிவழி நெகிழி’ என்று இன்று ஐரோப்பாவில் விளம்பரப்படுத்தப்படுவதை மேட்டூர் எந்த விளம்பரமும் இன்றிச் செய்தது. அன்று அது சுற்றுச்சூழல் அறம் அன்று, வறுமையின் புத்திசாலித்தனம். அந்நியச் செலாவணி இல்லாத நாடு தன்னிடம் இருந்த கழிவுப்பாகை நம்பியது.

அந்த வழி அடைபட்ட கதையும் எளியதே. பாகுக்கும் சாராயத்துக்கும் இருந்த விலைக்கட்டுப்பாடு 1993இல் நீக்கப்பட்டது. கழிவு என்று மலிவாகக் கிடைத்தது சந்தைச் சரக்கானது. பெட்ரோலியத்திலிருந்து எத்திலீன் எடுப்பது பல இடங்களில் மலிவாயிற்று. சாராயவழி வேதித்தொழில்களில் பெரும்பாலானவை நொடித்தன. 2003இல் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் ஒன்பது மாநிலங்களில் தொடங்கியபோது பாகுக்கு மூன்றாவது வாடிக்கையாளர் வந்தார். குடிகாரர், வேதித்தொழிற்சாலை, மகிழுந்து என மூவரும் ஒரே பீப்பாய்க்கு வரிசையில் நிற்கிறார்கள்.

வடிசாலைக்கும் தன் எச்சம் உண்டு என்பதை எத்தனால் ஆர்வலர்கள் சொல்ல மறப்பார்கள். 1 லிட்டர் சாராயத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வரை கருங்கழிவுநீர் வெளியேறுகிறது. அதையும் கலனில் புளிக்கவைத்து வாயு எடுக்கலாம். எடுத்த பின்னும் நிறம் போவதில்லை.

மரவள்ளியிலிருந்தே எத்தனால் எடுக்கலாகாதா? எடுக்கலாம். ஸ்ரீகாரியத்து விஞ்ஞானிகள் 1980களிலேயே முறை வகுத்தார்கள். தாய்லாந்திலும் சீனாவிலும் ஆலைகளே நடக்கின்றன. 1 டன் பச்சைக் கிழங்கில் சுமார் 160 லிட்டர் கிடைக்கும். 2018இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை மரவள்ளியைப் பெயர் சொல்லியே மூலப்பொருள் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் கிடைக்கும் விலையோடு போட்டியிட எரிபொருளால் இயலவில்லை. நமக்கு இதில் வருத்தமில்லை. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்புவதை மைய அரசு கட்டுப்படுத்தியது, விளைச்சல் குறையும் என்ற அச்சத்தில். பின்னர் தளர்த்தியது. எண்பது ஆண்டுக்கு முன் சேலம் ஆட்சியர் போட்ட தடைதான் அது. இடம் மட்டும் டெல்லி.

ஆகவே கிழங்கை விட்டுத் திப்பியைப் பேசுவதே முறை. முதல் உலகப்போரில் கெய்ம் வைஸ்மன் மாவுச்சத்தை ஒரு நுண்ணுயிரிடம் கொடுத்து, வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனையும் கூடவே பியூட்டனாலையும் பெற்றார். தானியம் தட்டுப்பட்டபோது, 1917இல், இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் குதிரைக் கொட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். மாவு எங்கிருந்து வருகிறது என்பது நுண்ணுயிருக்குப் பொருட்டன்று. திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தில் அசோக் பாண்டேயும் பிரேசிலின் குரிச்சிபாவில் கார்லோஸ் சோக்கோலும் அவர்தம் குழுவினரும், மரவள்ளித் திப்பியின் மீது பூஞ்சைகளை வளர்த்துச் சிட்ரிக் அமிலம் முதலியவற்றைப் பெறும் முறைகளை ஆராய்ந்தனர். 2000இல் அவர்கள் எழுதிய தொகுப்பாய்வு உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. குளிர்பானத்துக்குப் புளிப்பூட்டும் அமிலம் ஆத்தூர்த் திப்பியிலிருந்து வரக்கூடும் என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மை. ஆத்தூரில் இன்னும் திப்பியை மாடுதான் தின்கிறது. இதைப் பின்னடைவாகக் கருதுவோர் உண்டு. மாடு வைத்திருப்பவரைக் கேட்காமல் அப்படிக் கருதலாகாது. திப்பிக்கு வேதித்தொழில் ஒரு விலை வைத்த மறுநாளே, இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றும் பெண்ணின் தீவனச் செலவு ஏறும்.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்கு நாமக்கல்லே சான்று. கோழிப்பண்ணைகள் பெருகிய நாளில் கோழியெச்சம் வயலுக்கு எருவாகப் போனது. பிறகு மின்சாரம் எடுக்கும் உயிரிவாயு நிலையங்கள் வந்தன. புதுச்சத்திரத்தில் கோழியெச்சம், சேகோக் கழிவு, சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் ஆகியவற்றைச் சேர்த்துப் புளிக்கவைக்கும் நிலையம் அமைந்தது. 2018 அக்டோபரில் மைய அரசு தொடங்கிய சதத் திட்டத்தின் கீழ் அங்கே வாயுவைத் தூய்மையாக்கி அழுத்தி, 2020இல் வாகன எரிபொருளாக இந்தியன் ஆயில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கோழி, கிழங்கு, கரும்பு என இந்தச் சமவெளியின் மூன்று எச்சங்களும் ஒரே கலனில் சேர்ந்தது அங்கேதான்.

மூன்றும் சேர வேண்டியதற்குத் தேவையும் இருந்தது. கலனுக்குள் இருப்பது இயந்திரம் அன்று, உயிர். அதற்கு நாள்தோறும் தீனி வேண்டும். கிழங்கு அரைக்கும் பருவம் முடிந்தால் சேகோ ஆலையின் நீர் வற்றும். மழை பொய்த்தாலும், தேமல் நோய் கண்டாலும் அப்படியே. 2020இல் தென் அமெரிக்காவுக்குரிய கள்ளிப்பூச்சி எனும் மாவுப்பூச்சி வந்து சேலத்து மரவள்ளியைக் கருக்கியபோது, அதன் எதிரியான சிறு குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடுவித்தார்கள். வயலில் குளவி பிழைத்தால் கிழங்கு வரும், கிழங்கு வந்தால் திப்பியும் நீரும் வரும். கிழங்கில்லாத மாதங்களில் கோழியெச்சமே கலனைக் காக்கிறது. வாயு எடுத்தபின் அடியில் தங்கும் குழம்பு எருவாக மீண்டும் வயலுக்குப் போகிறது. முன்பு பண்ணை வாசலிலிருந்து மாட்டுவண்டியில் அள்ளிப்போனவர்கள், இப்போது அதை மூட்டைக்கணக்கில் வாங்குகிறார்கள்.